என் வீட்டு வாசலில் ஊரடங்கு

'முடியாது' என்ற சொல்லை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கரும்பலகையில் அதை நான் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். வாயால் சொல்லத்தான் எனக்கு வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்று நாக்கு முந்திக்கொள்ளும். அப்புறம் கை கிடந்து அழும். இந்த வியாதி உள்ளவன் வேறு எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் போகலாம், எழுத்தாளனாக மட்டும் ஆகக்கூடாது. நான் ஆனேன். (யாரும் வற்புறுத்தவில்லை. எல்லாம் என் சொந்தக் கொழுப்பு.)

அது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். அசாம் ஜாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் உதவி ஆசிரியன். பெயர் அருளப்பன், வயது இருபத்து மூன்று. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி வீட்டில் அக்கா, அத்தானோடு இருந்தேன். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் சோதனை. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குமேல் வேலிக்கு வெளியே தலை தெரிந்தால் தலைக்கு உத்தரவாதமில்லை.

இந்த நிலையில் நான் ஒரு நாடகம் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்கு. வேதக்காரப் பையன் அம்மன் திருவிழாவுக்கு எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை, எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன். ஊரடங்கை முன்னிட்டுப் பட்டப்பகலில் நாடகம் போடத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை அனுமதி கொடுத்திருந்தார். ஒன்பது காட்சிகள், மூன்று கொலைகள், ஒரு சாபம். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது என் கையில் இருந்தது சாபம் மட்டுமே.

எழுத நேரமில்லையா என்றால், மத்தியானம் முழுக்க நேரம்தான். பள்ளி ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஆனால் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கும் அந்த நேரத்தில்தான் வேலை முடியும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒருவருக்குக் கல்யாண வாழ்த்துப்பா வேண்டும். (வாத்தியார் எழுதி, வாத்தியாரே பந்தலில் வாசித்து, கண்ணாடி போட்டு மாட்டாத கல்யாணம் அந்நாளில் எங்கள் தோட்டங்களில் கல்யாணமே இல்லை.) இன்னொருவருக்குக் கருமாதிக்கு இரங்கற்பா. ஒருவருக்குத் தொரைக்கு மனு, ஒருவருக்கு ஊரில் இருக்கும் தம்பிக்குக் கடிதம், அதுவும் அவன் படித்துவிட்டு அழுகிற மாதிரி. குழந்தைக்குப் பெயர் கேட்டு வருகிறவர்கள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் படுக்கவைத்து விடுவார்கள். என் முதல் காட்சியின் முதல் தாள் இப்படித்தான் நனைந்து போயிற்று.

ஒரு நாள் கேட்டில் ஒட்டியிருந்த ஊரடங்கு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு ஞானம் பிறந்தது. இந்தத் தோட்டத்தில் எவனும் எவன் பேச்சையும் கேட்பதில்லை, ஆனால் ஊரடங்கு என்றால் கோழிகூட வீட்டுக்குள் போய்விடுகிறது. அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன்: "ஊரடங்கு. தினமும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை. ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கிறார். மீறுவோருக்கு வாழ்த்துப்பா கிடையாது."

படிக்கத் தெரியாதவர்களுக்காக மாரிமுத்துவை வாசலில் உட்காரவைத்தேன். மாரிமுத்து வேலி கேட்டில் காவலுக்கு வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காலை முறை முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் சும்மாதான் இருப்பான். நாடகத்தில் தளபதி வேஷம் வேண்டும் என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். "தளபதின்னா முதல்ல கோட்டையக் காக்கணும்" என்று சொல்லி, என் கோட்டையைக் காட்டினேன். அவனும் காக்கி உடுப்பைக் கழற்றாமல் வந்து, வாசல் முன்நடையான ஐந்தடியில் பெஞ்சைக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அந்த முறை அற்புதமாக வேலை செய்தது. இரண்டு வாரத்தில் ஆறு காட்சிகள் முடிந்தன. இடையில் யாராவது வந்தால், மாரிமுத்து கதவைத் தட்டிச் சொல்வான். நான் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே, "கல்யாணமா, கருமாதியா, மனுவா?" என்று ஒரே கேள்வி கேட்டு வகை பிரித்து, நாலு மணிக்கு வரச்சொல்வேன். நாலு மணிக்கு அவர்களுக்கு ஆடு, மாடு, தண்ணீர் பிடிப்பது, சமையல் என்று ஆயிரம் வேலை. பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு குழந்தை பன்னிரண்டு நாளாகப் பெயரில்லாமலே கிடந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. எட்டாவது காட்சியில் ராஜா மந்திரியைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தார், நான் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

இப்போது பிலோமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்ததன் வலி உங்களுக்குப் புரியாது. பிலோமினாவை நான் ஒரு மாதா கோயில் திருநாளில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். தேர் வரும்போது எல்லோரும் தேரைப் பார்க்க, அவள் பக்கத்தில் நின்ற ஒரு கிழவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் எழுதிய எல்லாக் கல்யாண வாழ்த்துகளிலும் மணமகளுக்கு அவள் முகமே வந்தது. அக்காவிடம் சொன்னேன். அக்கா ஆள் விட்டுப் பேசினாள். சுங்கை ஆயர் தாவாரில் இருந்த அவளுடைய அப்பா ராயப்பர் சொல்லியனுப்பிய பதில்: "கூத்து எழுதுறவனுக்கா பொண்ணு?"

அக்கா விடவில்லை. மறுபடி மறுபடி சொல்லியனுப்பி, கடைசியில் ராயப்பர் ஒரு தடவை வந்து மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டுப் போகச் சம்மதித்தார். ஒரே தடவைதான். பிடிக்காவிட்டால், அவர்கள் ஊர்க் கடையில் கணக்கெழுதும் பையன் ஒருத்தன் காத்திருந்தான். அந்தத் தகவலை அக்கா என்னிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள். "இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள வருவாங்க, சட்டைய மாத்திட்டு உக்காரு" என்று சொன்னாளாம். நான் "உம்" என்றேனாம். அப்படியொரு பேச்சு நடந்ததாக எனக்கு இன்றுவரை நினைவில்லை. ஆனால் அக்கா நற்கருணை வாங்கிய நாக்கால் சத்தியம் செய்கிறாள், ஆகவே நடந்துதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ராஜா கத்தியை உருவிவிட்டார்.

அக்கா, வருகிறவர்களுக்குக் காப்பி போடப் பால் டின்னும் பிஸ்கட்டும் வாங்கப் புக்கிட் பெலிம்பிங் கடைக்குப் போய்விட்டாள். அத்தானுக்கு அன்று வேலிக் காவல் முறை. ராயப்பரும் அவருடைய தமக்கையும் இரண்டு பஸ் மாறி, கேட்டில் சோதனை முடிந்து, ஐந்தடியில் வந்து நின்றபோது மணி இரண்டு பத்து. கதவு சாத்தியிருந்தது. பெஞ்சு குறுக்கே கிடந்தது. அதில் தளபதி உட்கார்ந்திருந்தான்.

யார், என்ன வேண்டும் என்று மாரிமுத்து கேட்டிருக்கிறான். பெண்ணைப் பெற்றவர் முதல்முதலாக ஒரு வீட்டைப் பார்க்க வருகிறபோது, வாசலில் உட்கார்ந்திருக்கிற காக்கிச்சட்டைக்காரனிடம் "இந்த வீட்டுப் பையனுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு பாக்க வந்தேன்" என்றா சொல்வார்? நாளைக்கு ஒத்துவரவில்லை என்றால் பெண்ணின் பெயர் ஊரெல்லாம் அடிபடும். மரியாதைப்பட்ட மனுசர் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "சும்மா, வாத்தியாரப் பாத்துட்டுப் போலாம்னு."

மாரிமுத்து கதவைத் தட்டினான். "வாத்தியாரே, ரெண்டு பேரு வந்திருக்காங்க."

"கல்யாணமா, கருமாதியா, மனுவா?" என்றேன், பேனாவை எடுக்காமலே.

 வயதான ஒரு குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது, "கல்யாண விசயந்தான், தம்பி."

"தேதி குறிச்சாச்சா?"

"இல்ல தம்பி. இன்னும் பேச்சே முடியல."

"பேச்சே முடியாம எதுக்குங்க இப்பவே வந்தீங்க? மாப்பிள்ளை யாரு?"

 "இந்தத் தோட்டத்துப் பையன்தான்."

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கிறவனைத் தொந்தரவு செய்தால் அவனுக்கு உபதேசம் பொத்துக்கொண்டு வரும். "இந்தத் தோட்டமா? நல்லா விசாரிச்சுக்குங்க. இங்க உள்ள பயலுங்க முக்காவாசி ஒண்ணுக்கும் ஆகாதவனுங்க. வெளிய பாக்கத்தான் வெள்ளச்சட்ட. லயத்துல நாலு வீட்டுல கேட்டாத்தான் வண்டவாளம் தெரியும்."

"அப்படியா தம்பி?"

"ஆமாங்க. விசாரிக்காம பொண்ணக் குடுத்துட்டுப் பின்னால அழாதீங்க. நாலு மணிக்கு வாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சுப்பா, சொன்னியே" என்றது ஒரு பெண் குரல். அந்தக் குரலில் எவ்வளவு மிளகாய் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் மந்திரியைக் கொல்லப் போய்விட்டேன்.

அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிமுத்து நல்லவன், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். கூடவே தளபதியின் வசனத்தையும் பேசிக் காட்டினான். கடைசி பஸ் மூன்றரைக்கு. மூன்றேகாலுக்கு ராயப்பர் எழுந்து, "போலாம்க்கா, பாத்தாச்சு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். கேட்டில், சோதனை வரிசையில், அக்கா அவர்களைப் பார்த்தாள். அந்நாளில் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். (காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரக்கூடாதாம்.) ஓட்டை டின்னிலிருந்து பால் கைவழியே ஒழுக, அக்கா அவர்களிடம் கெஞ்சி அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

நாலு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. மூன்றாவது கொலைக்கு முன்வரை முடித்திருந்தேன். உலகத்தை வென்றவன்போல் சோம்பல் முறித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் அக்கா நின்றாள். முழங்கை வரை பால், கண்ணில் நெருப்பு. பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், கறுப்புக் குடையோடு ஒரு பெரியம்மா. நான் கைலி கட்டி, பனியனில் மைக்கறையோடு நின்றேன்.

"இவங்கதான் பிலோமியோட அப்பா" என்றாள் அக்கா.

அந்த நிமிடம் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. 'முக்காவாசிப் பயலுங்க' கடைசியாக வந்து நின்றது. பிலோமி போய்விட்டாள் என்று நினைத்தேன்.  வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ராயப்பர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பஸ் போயிருச்சு தம்பி. ராத்தங்கணும். என்னா செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

வெளியாள் தங்கினால் ஆறு மணிக்குள் பாரம், அதாவது படிவம், எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். நான் ஆபீஸ் கணக்கர் கிராணியிடம் ஓடினேன். கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன உறவு?" என்றார். நான் இழுத்தேன்: "உறவுன்னா... வந்து..." "சொந்தக்காரன்னாதான் வீட்டுல தங்கலாம் லா. இல்லாட்டி கேட்டுப் பக்கத்துக் கொட்டாயில போலீஸோட படுக்கணும். தொரை உத்தரவு. எழுதிக்கிட்டு வாங்க, அஞ்சே முக்காலுக்குப் பூட்டிருவேன்."

பாரத்தைக் கொண்டுவந்து ராயப்பர் முன்னால் வைத்தேன். உறவு என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "நீங்கதான தம்பி சொன்னீங்க, லயத்துல நாலு வீட்டுல கேக்கச் சொல்லி? கேட்டுட்டு வந்து சொல்றேன். வாக்கா."

அவர்கள் ஒவ்வொரு கதவாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கதவெல்லாம் என்கிறீர்கள்? இரண்டு வாரமாக நான் விரட்டியடித்த கதவுகள். பெயரில்லாத பிள்ளையின் வீடு. தம்பிக்குக் கடிதம் போகாத வீடு. இரங்கற்பா கிடைக்காமல் கருமாதி முடிந்துபோன வீடு. அந்த வீட்டில் ரொம்ப நேரம் நின்றார்கள், அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "நல்லா வேணும்" என்றாள் அக்கா என் பின்னாலிருந்து. மாரிமுத்து மட்டும், "கவலப்படாதீங்க வாத்தியாரே, நான் உங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னேன்" என்றான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "பொண்ணே வந்தாலும் தொறக்க மாட்டாரு, அவ்வளவு ஒழுக்கம்னு சொன்னேன்."

ஐந்தரைக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ராயப்பர் உட்கார்ந்து வேட்டியால் முகத்தைத் துடைத்தார். பேசியது தமக்கைதான்.

"பதினேழு வீட்டுல கேட்டோம். குடிப்பானான்னு கேட்டா, எழுதிக் குடுக்க மாட்டேங்கிறான்ங்கிறாக. சூதாடுவானான்னு கேட்டா, கதவத் தொறக்க மாட்டேங்கிறான்ங்கிறாக. பொம்பள சகவாசம் உண்டான்னு கேட்டா, முந்தியெல்லாம் நல்ல புள்ள, இப்ப ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் என்னமோ புடிச்சிருக்கு, அதுவும் கிறுக்குத்தான்ங்கிறாக. வேற குத்தம் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. ஒரு பொம்பள அழுகுது. புருசன் செத்ததுக்கு நாலு வரி எழுத நாதியில்லாமப் போச்சேன்னு. ஏம்பா, ஊரே உன்னய நம்பிக்கிட்டு இருக்கு, நீ உள்ள உக்காந்து யாரக் கொன்னுக்கிட்டு இருக்கே?"

 வெட்கமாக இருந்தது. அந்த அம்மா அழுதாள் என்று கேட்டபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ராஜா, மந்திரி எல்லோரும் ஒரு நிமிடத்தில் அட்டைப் பொம்மைகளாகிப் போனார்கள்.

ராயப்பர் பாரத்தை என் பக்கம் தள்ளினார். "மணியாச்சு. எழுதுங்க."

"உறவு என்னன்னு போடட்டும்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கூரையைப் பார்த்தார், தமக்கையைப் பார்த்தார், குறுக்கே கிடந்த பெஞ்சைப் பார்த்தார். "போலீஸோட எல்லாம் என்னால படுக்க முடியாது தம்பி. மாமனார்னு போடுங்க."

ஆயிரம் வாழ்த்துப்பா எழுதிய கை, அந்த ஒரு வார்த்தையில் எழுத்துப்பிழை விட்டது. அழுதேனா என்று கேட்டால், பனியனில் கூடுதலாக ஒரு மைக்கறை இருந்தது என்று மட்டும் சொல்வேன். கிராணி அதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு எப்ப லா கல்யாணம் ஆச்சு?" என்றார். "இப்பத்தான்" என்றேன். கர்த்தர் சாட்சியாக, குருவானவர் கோயிலில் கல்யாணத்தை மந்திரித்து வைப்பதற்கு மூன்று மாதம் முன்னாலேயே தொரையின் முத்திரையோடு மாமனார் கிடைத்தவன் மலாயாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதில் ஒரு பின்குறிப்பு உண்டு. பதினேழு வீட்டிலும் விசாரித்த என் மாமனார், இளகிய மனசுக்காரர், ஒவ்வொரு வீட்டிலும் "தம்பிகிட்ட சொல்லி எழுதித் தரச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். (அவருக்கும் 'முடியாது' வராது. அது தெரிந்தபோது எங்கள் உறவு இன்னும் நெருக்கமாயிற்று.) பதிமூன்று கடிதம், இரண்டு மனு, ஒரு பெயர், ஒரு இரங்கற்பா. இரங்கற்பாவை முதலில் எழுதி, நானே கொண்டுபோய் வாசித்துக் கொடுத்தேன். திருவிழாவில் நாடகம் எட்டே காட்சிகளோடு நடந்தது. மூன்றாவது கொலைக்கு நேரம் கிடைக்காததால், அந்தக் கதையில் மந்திரியின் மைத்துனன் இன்றுவரை உயிரோடு இருக்கிறான். தளபதிக்கு நல்ல கைதட்டல்.

கல்யாணமாகி வந்த மறுவாரமே பிலோமி அந்த அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். கதவைத் திறந்து வைத்தாள். வந்தவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள், சொல்வதையெல்லாம் முழுசாகக் கேட்டாள். சாவு வீட்டுக்காரர்களையும் உண்மையாகவே கஷ்டத்தில் இருந்தவர்களையும் நேராக என்னிடம் அனுப்பினாள். மற்றவர்களிடம், முகம் கோணாமல், அவள் அப்பாவின் குரலிலேயே, "விசாரிச்சுச் சொல்றோம்" என்றாள். அவ்வளவுதான். யாருக்கும் கோபமில்லை, யாரும் திரும்ப வந்து கேட்கவுமில்லை. நான் அட்டையும் போலீசும் வைத்துச் சாதிக்காததை அவள் இரண்டு வார்த்தையில் சாதித்தாள். அந்த நிழலில் உட்கார்ந்துதான் நான் எழுதியதெல்லாம் எழுதினேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான். "அப்பா, சினிமாவுக்குப் போலாமா?" என்று நான்கு பேரும் என்னைக் கேட்பார்கள், நான் "அதுக்கென்ன" என்பேன், அடுப்படியிலிருந்து தீர்ப்பு வரும்.

எங்கள் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் ஒருவர் போட்டோவோடு வந்தார். பையன் நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிலோமி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், போட்டோவை மகளிடம் காட்டக் கையில்கூட எடுத்துவிட்டாள். தரகர் என் பக்கம் திரும்பி, எனக்குப் பிடிக்குமென்று, "ஐயா மாதிரியே கொஞ்சம் கவிதையும் எழுதுவாரு" என்றார்.

பிலோமி போட்டோவைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். "காப்பி குடிங்க. விசாரிச்சுச் சொல்றோம்" என்றாள்.